நாள் தள்ளிப் போச்சா? கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள்!

"அண்ணா, நாள் தள்ளிப் போச்சு. வர்றதுக்கு ஒரு மாத்திரை குடுங்க."

இது ஒரு குரல்.

"அண்ணா, அமாவாசைக்கு மலையனூர் போறோம். அதுக்குள்ள வந்துடக் கூடாது. தள்ளிப் போட ஒரு மாத்திரை குடுங்க."

இது இன்னொரு குரல்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குரலும் பழக்கமானவை. ஒன்று வரவைக்க. மற்றது தள்ளிவைக்க. பல நேரம் கேட்க வருவது அந்தப் பெண்கூட இல்லை. புருஷன் வந்து தயங்கித் தயங்கி நிற்பார். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பையன் கையில் துண்டுப் பேப்பர் இருக்கும்.

எல்லாக் கடைக்காரரும் கொடுத்து விடுவதில்லை. "சீட்டு இல்லாம தர முடியாதும்மா" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் கொடுக்கிற கடையும் உண்டு. அங்கே அட்டையில் இருந்து நாலோ ஆறோ மாத்திரையைக் கத்திரியால் வெட்டி, ஒரு காகித உறையில் போட்டுத் தருவார்கள். பில் கிடையாது. மருந்தின் பெயரும் வெட்டின துண்டில் பாதிதான் இருக்கும். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." வைத்தியம் முடிந்தது.

போலீஸ் செய்தியும் சாக்கடைச் செய்தியும் வருகிற பக்கத்தில் இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. இந்த ஹார்மோன் மாத்திரைகள் மருந்துச் சட்டத்தில் "எச்" அட்டவணையில் வருகிறவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். முழு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எச்சரிக்கை அச்சாகி இருக்கும். பொடி எழுத்து. யார் படிக்கிறார்கள்?

இன்னொரு காரணம், இதே கவுன்ட்டரில் இதே கேள்விக்கு முன்பு விற்ற ஒரு மாத்திரை. அந்த மாத்திரையைக் கடையில் இருந்து எடுக்க மத்திய அரசுக்கே 6 ஆண்டு ஆனது.

ஈ.பி. மாத்திரை

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு பெண் ஹார்மோன்களை அதிக அளவில் சேர்த்துச் செய்த மாத்திரை அது. இரண்டின் முதல் எழுத்தையும் சேர்த்து ஈ.பி. என்றார்கள். இதில் பிரபலமான ஒன்றின் பெயர் ஈ.பி. ஃபோர்ட். ஊசியாகவும் வந்தது.

மாதவிலக்கு நின்று போன பெண்ணுக்கு அதை வரவைக்க என்றுதான் கம்பெனிகள் சொல்லின. நடந்தது வேறு. கர்ப்பமா, இல்லையா என்று பார்க்க இதைச் சாப்பிட்டார்கள். கர்ப்பமாக இருந்தால் கலைந்து விடும் என்று நம்பியும் சாப்பிட்டார்கள்.

பார்க்கிற விதம் இப்படி. ஓரிரு நாள் மாத்திரை போட வேண்டும். கர்ப்பம் இல்லை என்றால் நிறுத்திய சில நாளில் உதிரம் வந்து விடும். வரவில்லையா? கர்ப்பம்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் கர்ப்பம் என்று தெரிகிற நேரத்தில் மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். கருவுக்கு கை, கால், இருதயம் உருவாகிற வாரங்கள் அவை.

கலைக்கிற கதையோ இன்னும் மோசம். அது கலைக்கிற மருந்தே அல்ல. நம்பி விழுங்கினவர்களுக்குக் கரு நின்றது. மருந்தும் சேர்ந்தது.

முதல் அபாயச் சங்கு ஊதியவர் இங்கிலாந்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த இசபெல் கால் என்ற பெண் டாக்டர். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். அதில் பலர் ஹார்மோன் கர்ப்பப் பரிசோதனை செய்து கொண்டவர்கள். 1967-ல் "நேச்சர்" பத்திரிகையில் இதை எழுதினார். ஸ்வீடனும் நார்வேயும் 1970-ல் இந்த உபயோகத்தை நிறுத்தின. இங்கிலாந்தில் "பிரிமோடாஸ்" என்ற பெயரில் விற்ற மாத்திரை 1978 வரை கடையில் இருந்தது.

தடைக்குத் தடை!

இந்தியாவில் 1982 ஜூனில் மத்திய அரசு ஈ.பி. மருந்துக்குத் தடை போட்டது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மருந்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கல்கத்தா ஐகோர்ட்டிலும் பம்பாய் ஐகோர்ட்டிலும் தடையை நிறுத்தி வைக்க உத்தரவு வாங்கின. அரசு போட்ட தடைக்குக் கோர்ட்டில் தடை! வழக்கு ஒரு பக்கம் நடந்தது. வியாபாரம் ஒரு பக்கம் நடந்தது.

விடாமல் பிடித்தவர்கள் பெண்கள் அமைப்புகளும், மருந்து விஷயத்தில் போராடிய டாக்டர்களும்தான். டெல்லியில் "சஹேலி" பெண்கள் அமைப்பு, டாக்டர் மீரா சிவா முன்னின்ற அகில இந்திய மருந்து இயக்கம் போன்றவை கூட்டம் போட்டன, துண்டு நோட்டீஸ் அடித்தன, பத்திரிகைகளில் எழுதின. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. பொது விசாரணை நடத்துங்கள் என்று உத்தரவானது. 1987-ல் நடந்த அந்த விசாரணை சென்னைக்கும் வந்தது. ஒரு மருந்தைப் பற்றி டாக்டர், கம்பெனிக்காரர், பெண்கள் அமைப்பு எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

1988 ஜூனில் மறுபடி தடை வந்தது. ஒரு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமுக்கு மேலும், புரோஜெஸ்டின் 3 மில்லிகிராமுக்கு மேலும் சேர்ந்திருக்கும் கலவைகள் (கருத்தடை மாத்திரை நீங்கலாக) தடைப் பட்டியலுக்குப் போயின. செயற்கை ஹார்மோன் இரண்டையும் கலந்த ஊசிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான்.

மாத்திரையால்தான் குழந்தைகளுக்கு ஊனம் வந்தது என்று நிரூபணம் ஆகி விட்டதா என்றால், இல்லை. இங்கிலாந்தில் அரசு அமைத்த நிபுணர் குழு 2017-ல் "ஆதாரம் போதாது" என்றது. 2020-ல் கம்பர்லேஜ் அம்மையார் தலைமையிலான இன்னொரு குழு, "1967-லேயே இந்தப் பரிசோதனையை நிறுத்தியிருக்க வேண்டும்" என்று சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்டது. நஷ்டஈடு வழக்கை 2023-ல் லண்டன் ஐகோர்ட்டு தள்ளி விட்டது. பாதிக்கப்பட்டதாகச் சொல்கிற குடும்பங்கள் ஓயவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் வாதமே கிடையாது. கர்ப்பமா என்று பார்க்க ஹார்மோனை விழுங்க வேண்டிய அவசியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சிறுநீரில் பார்க்கிற முறை 1960-களிலேயே வந்து விட்டது.

பந்தல் கணக்கு

சரி, நாள் ஏன் தள்ளிப் போகிறது? கல்யாணப் பந்தலை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பைக்குள் ஒரு பந்தல் போடப்படுகிறது. போடுவது ஈஸ்ட்ரோஜன். மாத நடுவில் சினைப்பையில் இருந்து முட்டை வெளியே வருகிறது. அதற்குப் பிறகு புரோஜெஸ்ட்ரோன் வந்து பந்தலைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு தங்கவில்லை என்றால் இரண்டு ஹார்மோனும் இறங்கி விடும். பந்தல் பிரிகிறது. அதுதான் மாதவிலக்கு.

முட்டையே வராத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. பந்தலைப் பிரிக்க ஆள் இல்லை. கீற்று மேல் கீற்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு மாதம், மூன்று மாதம். பிறகு ஒருநாள் பாரம் தாங்காமல் சரியும். "மூணு மாசம் வரல, வந்தா பத்து நாளா நிக்கல" என்று சொல்கிறார்களே, பல பேருக்கு நடப்பது இதுதான்.

இந்த இடத்தில்தான் டாக்டர் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை எழுதுகிறார். சில நாள் கொடுத்து நிறுத்தினால் பந்தல் ஒழுங்காகப் பிரியும். கடைக்காரர் கொடுப்பதும் ஏறக்குறைய அதே மாத்திரையாக இருக்கலாம். வித்தியாசம் என்ன? டாக்டர் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பார். கர்ப்பமா? கர்ப்பம் இல்லை என்றால் முட்டை ஏன் வரவில்லை?

கடையில் இரண்டு கேள்வியும் கிடையாது. மாத்திரை போட்டதும் உதிரம் வரும். "வந்துடுச்சு" என்று வீட்டில் நிம்மதி. காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

காரணம் பலவிதம். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, திடீரென எடை ஏறுவது அல்லது இறங்குவது, பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் கூடுவது, சில மனநோய் மருந்துகள். தைராய்டுதான் காரணம் என்றால் அதற்கு மாத்திரை சாப்பிட, நாள் தானாகவே ஒழுங்குக்கு வந்து விடும். அந்தப் பெண்ணுக்கு வருஷக் கணக்கில் வரவைக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன பிரயோசனம்?

அரசு ஆஸ்பத்திரியில் "அந்தரா" ஊசி போட்டுக் கொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கருத்தடை ஊசி அது. அதைப் போட்டால் மாதவிலக்கு கண்டபடி வரலாம், வராமலும் போகலாம். மருந்தின் குணமே அப்படி. அது தெரியாமல் கடைக்கு ஓடி இன்னொரு ஹார்மோனை வாங்கி அதன் மேல் போடுவது வீண் வம்பு.

வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகாத பெண் பிள்ளைகளுக்கு நாள் முன்பின்னாக வருவது சகஜம். பாட்டி எள்ளுருண்டை கொடுத்தால் கொடுக்கட்டும். அம்மா மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆனால் மூன்று மாதமாக வரவே இல்லை என்றால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். "கல்யாணம் ஆகாத பொண்ணை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்?" என்ற பயத்தில்தான் பாதிக் கடை வியாபாரம் நடக்கிறது.

சொல்லாத கேள்வி

இன்னொரு உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. "நாள் தள்ளிப் போச்சு" என்று கேட்பவர்களில் சிலர் கேட்பது வேறு. கர்ப்பமாகி விட்டதோ என்ற பயம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கும் புரியும். அவரும் கேட்க மாட்டார்.

இங்கேதான் உயிர் போகிற ஆபத்து. சிலருக்குக் கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி விடும். வெளியே கொஞ்சம் உதிரம் கசியும். மாத்திரை வேலை செய்து விட்டது என்று அந்தப் பெண் நினைத்துக் கொள்வாள். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டையில் வலி என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் போட வேண்டும்.

கருக்கலைப்பு நம் நாட்டில் 1971-ல் இருந்தே சட்டபூர்வமானது. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் போதும். கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. பெயரை வெளியே விடக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வயது வந்த பெண் என்றால் புருஷன் கையெழுத்தும் தேவையில்லை. இவ்வளவும் இருக்கும்போது காகித உறை மாத்திரையை நம்பி உயிரைக் கொடுக்கிறார்கள். இந்தச் சட்டத்தை பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதி வைத்தால்தான் என்ன?

திருவிழா மாத்திரை

மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் ஒவ்வொரு அமாவாசைக்கும். மயிலத்தில் முருகனுக்குப் பங்குனி உத்திரம். திருவக்கரையில் பௌர்ணமி. ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் கூழ். நம் மாவட்டத்தில் தள்ளிவைக்கும் மாத்திரைக்குச் சீசன் இதுதான். கல்யாண முகூர்த்த மாதங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இந்த மாத்திரை பெரும்பாலும் நாரெதிஸ்டிரோன். நாள் வருவதற்குச் சில நாள் முன்பே ஆரம்பித்தால் மாத்திரை சாப்பிடுகிற வரை பந்தல் பிரியாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்து விடும். டாக்டர்களும் கேட்டு விசாரித்து எழுதித் தருகிறார்கள். எப்போதாவது ஒருமுறை, ஆரோக்கியமான பெண்ணுக்கு என்றால் பெரிய தொந்தரவு இல்லை.

யாருக்கு ஆபத்து என்பதுதான் கடையில் தெரியாது. காலில் ரத்தக்கட்டு வந்தவர், பக்கவாதம் வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர், ஈரல் கெட்டவர் தொடவே கூடாது. உடம்பில் இந்த மருந்தில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். ரத்தம் உறைகிற வாய்ப்பு அதனால் கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் திருவிழாவை விட்டு விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. திண்டிவனத்தில் சென்னை பஸ் ஏறினால் வழியில் மேல்மருவத்தூர். அந்த ஆதிபராசக்தி கோவிலில் மாதவிலக்கு நாளிலும் பெண்கள் உள்ளே போய்க் கும்பிடலாம். அதே ரோட்டோர ஊர்களில்தான் சாமிக்குப் பயந்து மாத்திரை விற்கிறது. எந்தக் கோவிலுக்கு எப்படிப் போவது என்பது அவரவர் விருப்பம். மாத்திரையையாவது டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடலாம்.

மருந்து எதிரி அல்ல

இதையெல்லாம் படித்து விட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோனையும் யாரும் குப்பையில் போட்டு விட வேண்டாம். அது இதைவிடப் பெரிய தப்பு.

சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று முறைதான் நாள் வருகிறது என்றால், பிரியாத பந்தல் கர்ப்பப்பைக்குள் தடித்துக் கொண்டே போகும். பல வருஷம் அப்படியே விட்டால் அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உதிரம் வரும்படி டாக்டர்கள் ஹார்மோன் கொடுக்கிறார்கள். கூட்டு மாத்திரையும் கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் "மாலா-என்" அப்படி ஒரு கூட்டு மாத்திரைதான். அதில் ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம். பழைய ஈ.பி. சமாச்சாரம் அல்ல. அதற்குமே ரத்த அழுத்தம் பார்த்து, ஒற்றைத் தலைவலி உண்டா, பால் கொடுக்கிறாயா என்று விசாரித்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

அதிக உதிரப்போக்குக்கும் ஹார்மோன் கைகொடுக்கும். கர்ப்பப்பைக்குள் வைத்தால் சில வருஷம் வேலை செய்கிற ஹார்மோன் சாதனமும் உண்டு. இது தெரியாமல் "எதுக்கும்மா தொந்தரவு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்தது 2019-ல் வெளியாகி நாடே அதிர்ந்தது. நம் பக்கமும் கரும்புக் காடுதான்.

ஆனால் 45 வயதைத் தாண்டியவர்கள் ஒன்றை விளையாட்டாக எடுத்துக் கொள்ளக் கூடாது. ஒரு வருஷம் முழுக்க நின்று போன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அதே வாரத்தில் காட்ட வேண்டும். "மறுபடி வயசு திரும்புது" என்று சிரித்துக் கொண்டிருந்தால் கர்ப்பப்பைப் புற்றுநோயை விட்டு விடுவோம்.

எங்கே போவது?

முதலில் கர்ப்பமா என்று பார்த்து விடுங்கள். சிறுநீரில் பார்க்கிற கார்டு கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இதற்குச் சீட்டு வேண்டாம். வெட்கப்படாமல் வாங்கலாம். கிராம சுகாதார நர்சிடம் கேட்டால் செலவே இல்லாமல் பார்த்துச் சொல்வார்.

21 நாளுக்குள் வருவது, 35 நாளைத் தாண்டித் தாண்டிப் போவது, எட்டு நாளுக்கு மேல் நிற்காமல் போவது என்று இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். திண்டிவனத்துக்காரர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. விழுப்புரம் பக்கம் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2010-ல் வந்தது. ரோட்டோரமே இறங்கலாம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ல் இருந்து டிக்கெட்டும் கிடையாது. சும்மா சந்தேகம் கேட்க என்றால் 104-க்குப் போன் செய்தால் போதும்.

போகும்போது இரண்டு பொருள் எடுத்துப் போங்கள். ஒன்று, மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். கடைசி மூன்று நாலு முறை என்றைக்கு வந்தது, என்றைக்கு நின்றது என்று பேனாவில் சுழித்து வையுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இரண்டாவது, ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் காலி அட்டை. வெட்டின துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாத் துண்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர் எதிலாவது ஒன்றில் இருக்கும்.